சத்திரசிகிச்சைக்குப் பின் முழங்கால்

சத்திரசிகிச்சை நன்கு முடிந்தது என்று வைத்தியர் கூறுவதும், தமக்குச் சுகம் வந்தது என்று நோயாளர் கூறுவதும் ஒன்றல்ல. முன்னதற்கு எக்ஸ்கதிர்ப் படமும் ஆறிய தழும்பும் சான்றாகும். பின்னதற்குச் சான்று, ஓராண்டு கழிந்தபின் அந்நோயாளர் தம் வீட்டிலே இருந்தெழும்பி நடமாடி வாழும் வாழ்வேயாம். என்பு மூட்டுச் சத்திரசிகிச்சைகளில் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் ஏனையவற்றினும் பெரிது. அவற்றுள்ளும் முழங்கால் மூட்டு மாற்றீடு இதனை நன்கு விளக்கும்.

தொடையென்பின் கீழ்முனையும் கணைக்காலுள்ளென்பின் மேல்முனையும் சந்திக்குமிடத்தில் கசியிழையம் என்னும் வழுவழுப்பான படை மூடியுள்ளது. அதற்குக் குருதிக் குழாய்கள் இல்லை. ஆதலால் தேய்ந்தது மீண்டும் வளர்வதில்லை. முதுமை, உடற்பருமன், பழைய காயம் என்பவற்றால் அப்படை அழிந்தபோது என்போடு என்பு உராய்ந்து நோகின்றது. மூட்டு முழுவதையும் வெட்டியெறிந்து வேறொன்று வைப்பர் என்று பலர் அஞ்சுவது வீண். என்பு முனைகளை மெல்லிதாகச் சீவி, மேலே ஓர் உலோக உறையும், கீழே ஓர் உலோகத் தட்டும் பொருத்தி, இடையே பொலித்தீன் வகையைச் சேர்ந்த திண்ணிய துண்டொன்றை வைப்பர். பல்லுக்கு உறையிடுதல் போன்றது என்றால் ஓரளவு பொருந்தும். பேர்லினில் குளூக் என்பவர் 1890 இல் யானைத் தந்தத்தாற் செய்த முழங்கால் மூட்டைப் பொருத்தினார். கிருமித் தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை. இன்றைய வடிவத்திற்கு வழிவகுத்தது, நியூயோர்க்கில் இன்சாலும் அவர் துணைவரும் 1974 இல் பயன்படுத்தத் தொடங்கிய மூட்டு.

நோயாளரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்த்தலின் அவசியத்தை இடுப்பு மூட்டின் வரலாறு காட்டும். இங்கிலாந்தில் றைட்டிங்ரன் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் சார்ண்லி, 1950 களின் இறுதியில் தெப்லோன் என்னும் வழுக்கும் பொருளாற் குழி அமைத்து இடுப்பு மூட்டுக்களைப் பொருத்தினார். தொடக்கத்தில் நோயாளர் வலியின்றி நடந்தனர். அன்றே கணக்கை முடித்திருந்தால் அது பெருவெற்றியாகவே எழுதப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் அப்பொருள் தேய்ந்து, அதன் துகள்கள் சூழ்ந்த இழையங்களைக் கெடுத்தன. ஏறக்குறைய 300 நோயாளர் பாதிக்கப்பட்டனர். சார்ண்லி தவறிய மூட்டுக்களைத் தாமே மீண்டும் திறந்தார். புதிய பொருளையும் பழையதையும் தம் தொடையிற் பதித்து உடல் அவற்றை ஏற்கும் வகையைச் சோதித்தார். 1962 இல் அவர் பயன்படுத்திய பொலித்தீனே நிலைத்தது.

அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே பொஸ்ரன் நகரில் ஏணஸ்ற் கொட்மன் என்னும் வைத்தியர், ஒவ்வொரு நோயாளரையும் ஓராண்டின் பின் அழைத்து, சிகிச்சை பயன்பட்டதா, இல்லையெனின் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்றார். சக வைத்தியருக்கு இது கசந்தது. 1914 இல் அவர் தாம் பணிசெய்த மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையை விட்டு விலகினார். தம் சிறிய வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளருக்குச் செய்த சிகிச்சைகளில் 123 பிழைகளைத் தாமே எண்ணி அச்சிட்டார். இத்தகைய நேர்மைக்கு உலகம் உடனே பரிசளிப்பதில்லை. 1940 இல் அவர் இறந்தபோது கல்லறைக்குப் பெயர்க்கல் கூட இருக்கவில்லை.

அவர் கருத்து 1975 இல் சுவீடனின் முழங்கால் மூட்டுப் பதிவேடாய் உயிர்பெற்றது. அதன்பின் அவுஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளும் பதிவேடுகளைத் தொடங்கின. மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கும் என்பது இத்தகைய பதிவேடுகளைக் கொண்டு 2019 இல் வெளிவந்த கணிப்பு. மிக நல்ல செய்தி இது. ஆயினும் மூட்டு நிலைத்தல் வேறு, மனம் நிறைதல் வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஓராண்டின் பின் வினவியபோது, நூற்றுக்கு 82 பேரளவினரே திருப்தி என்றனர். 11 பேர் உறுதியாகச் சொல்ல இயலாதென்றனர். 7 பேர் இல்லையென்றனர். இவ்விடை 2007 இல் வெளியாயிற்று. எக்ஸ்கதிர்ப் படத்தில் மூட்டுச் செவ்வனே இருந்தும் ஐவரில் ஒருவர் ஏன் மனம் நிறையவில்லை?

காரணங்கள் பல. முழங்கால் நோவு இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வருமாயின் மூட்டை மாற்றுதல் அதைத் தீர்க்காது. தேய்வு சிறிதாயிருக்கையிற் செய்த சிகிச்சை, பெரிதாயிருக்கையிற் செய்ததைப் போலப் பயன் தருவதில்லை. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குக் கிருமித் தொற்று ஏற்படும்; கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலும் அதை மிகுவிக்கும். தொடையின் நாற்றலைத் தசை சிகிச்சைக்குப் பின் வலுவிழக்கும். பயிற்சியாலன்றி அது மீளாது. இன்று நோயாளரை அன்றோ மறுநாளோ எழுப்பி நடத்துகின்றனர். வீட்டுக்கு வந்தபின் நம்மவர் காட்டும் அன்பே சிலவேளை கேடாகின்றது. அம்மாவுக்கு நோகும் என்று படுக்கையிலேயே வைத்து, முழங்காலின் கீழ்த் தலையணை கொடுத்தால், கால் மடிந்தபடியே இறுகி முழுதும் நீளாமற் போகும். குதிக்காலின் கீழ் உயர்த்தி, முழங்காலை நீளவிடுதலே இயன்மருத்துவர் சொல்லும் முறை. முதல் ஆறு கிழமைகளின் வலியைக் கண்டு சிகிச்சை பிழைத்ததென்று முடிவுசெய்தலும் தகாது; முன்னேற்றம் ஓராண்டு வரை தொடரும்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் எதிர்பார்ப்பு. ஒக்ஸ்போர்ட் நகரில் வகுத்து 1998 இல் வெளியிட்ட வினாத்தாளிற் பன்னிரண்டு வினாக்கள் உள்ளன. படியிறங்க முடிகிறதா, காரில் ஏறியிறங்க முடிகிறதா, முழந்தாளிட்டு எழும்ப முடிகிறதா, கடைக்குத் தனியே போகலாமா என்றெல்லாம் கேட்கும். நன்றாக அமைந்த வினாக்கள்தாம். ஆனால் சம்மணமிட்டு இருத்தல், குந்தியிருத்தல் என்பன அதிலில்லை. நடப்பதற்கு முழங்கால் 60 முதல் 70 பாகை மடிந்தாற் போதும். படியேறி இறங்க 90 பாகையளவு வேண்டும். குந்தியிருக்க 130 பாகைக்கு மேல் வேண்டும். மாற்றிய மூட்டுப் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடியும். எனவே வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் மூன்றாம் மாடியிலிருந்து காலி வீதிக்கு இறங்கிவர விரும்பும் மூதாட்டிக்கு இச்சிகிச்சை பெரும்பாலும் நிறைவளிக்கும். கொட்டாஞ்சேனையை அடுத்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கற்றளத்தில் முன்போலச் சம்மணமிட்டிருந்து தேவாரம் ஓத விரும்பும் முதியவருக்கு அதே சிகிச்சை குறையாகவே தோன்றலாம். அயலிலுள்ள புனித லூசியா பேராலயத்தில் முழந்தாளிடுவோரின் நிலையும் அஃதே: முழந்தாளிடுதல் புதிய மூட்டைக் கெடுப்பதில்லை, ஆயினும் பலருக்குக் கூச்சமும் நோவும் தரும்.

சிகிச்சையின் பயன் வைத்தியசாலைச் சுவருக்குள் அடங்காது என்பதைத் தமிழர் வாழும் வேலூரிலே போல் பிராண்ட் கண்டார். தொழுநோயால் மடங்கிய விரல்களை, நலமான தசைநார்களை இடம்மாற்றி நிமிர்த்தும் முறையை அவர் 1948 இல் தொடங்கினார். கை நிமிர்ந்தது, பிழைப்பு நிமிரவில்லை. மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள் நிமிர்ந்த கைக்கு இடவில்லை. தொழுநோயர் என்று அறிந்தவர்கள் வேலை கொடுக்கவுமில்லை. உணர்ச்சியற்ற அக்கைகள் கருவிகளைப் பிடிக்கையிற் புண்பட்டும் போயின. பிராண்ட் அவர்களை அனுப்பிவிட்டுக் கணக்கை மூடாமல், 1951 அளவில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பை அமைத்து, மரவேலை முதலிய தொழில்களைப் பழக்கினார். எவ்வேலையில் எவ்விரல் புண்படுகிறதென்று நாள்தோறும் பார்த்துக் கருவிகளின் பிடிகளையும் மாற்றுவித்தார்.

1864 இல் தோன்றிய கொழும்புப் பெரியாஸ்பத்திரி இன்று தேசிய வைத்தியசாலையாய், கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலே நிற்கின்றது. அங்காயினும் தனியார் மனைகளிலாயினும் முழங்காலைக் காட்டச் செல்பவர், வலியெத்தனை என்பதோடு, தாம் மீண்டும் செய்ய விரும்புவன எவையென்றும் சொல்லுதல் நன்று: கோயிலில் நிலத்திலிருத்தலா, கடற்கரை வரை நடத்தலா, பேரப்பிள்ளையைத் தூக்கிப் படியேறுதலா, குந்துமலகூடத்தைப் பயன்படுத்துதலா. அவற்றுள் எது கூடும், எது கூடாது என்று வைத்தியர் அப்போதே கூறிக் குறிப்பேட்டில் எழுதுவாராயின், ஓராண்டின் பின் அதே வினாக்களை அதே வரிசையிற் கேட்டு விடையைப் பக்கத்தில் எழுதலாம். நிலத்தில் இருக்க முடியாதென்று முன்னரே அறிந்தவர், மண்டபத்தின் ஓரத்திலே கதிரை போட்டிருந்து பதிகத்தை முழுதும் பாடி முடிப்பார்.