மேடைக்கு முன்னே ஒரு பள்ளம்

வெளிநாடுகளில் வாழும் நம் அன்பர்களில் சிலர் ஓபரா அரங்குகளுக்குப் போயிருப்பீர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும் நாடகம் ஓபரா. அந்த அரங்குகளில் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதுதான் வாத்தியக் குழி. அறுபது, எழுபது பேர், சில நாடகங்களுக்கு நூறு பேர்கூட அதில் அமர்ந்து வாசிப்பார்கள்.

ஏன் பள்ளத்தில் உட்கார வேண்டும்? எங்கள் சாந்திபுரம் பக்கத்துப் பாரதக் கூத்தில் மிருதங்கமும் முகவீணையும் ஆடுபவருக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கவே இருக்கும். வாசிப்பவர் நாலைந்து பேர்தான். கூத்தாடியின் குரல் அவர்களைத் தாண்டி வந்துவிடும். ஓபராப் பாடகரோ வழக்கமாக ஒலிபெருக்கி இல்லாமல் நூறு வாத்தியங்களைத் தாண்டிப் பாட வேண்டும். அதனால் வாத்தியங்களைக் கீழே இறக்கினார்கள்.

ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் கட்டிய அரங்கு இதற்குப் பேர்போனது. 1872-ல் அடிக்கல் நாட்டினார்கள். தலா 300 தாலர் வீதம் 1,000 புரவலர் சீட்டுகளை விற்றுப் பணம் திரட்டுவது திட்டம். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1874-ல் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1,00,000 தாலர் கடன் தந்ததால் வேலை தொடர்ந்து, 1876-ல் அரங்கு திறந்தது. அங்கே குழி படிப்படியாக மேடைக்கு அடியில் இறங்கும். மேலே வளைந்த மூடி உண்டு. வயலின்கள் மேல் படிகளில், பித்தளைக் குழல்களும் தாளக் கருவிகளும் அடிப் படிகளில்.

கேட்பவருக்கு இது சுகம். உள்ளே இருப்பவருக்கு? இடுக்கமான குழியில் ஒலி சுவரில் மோதித் திரும்பி வாசிப்பவர் காதிலேயே விழும். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பல நாடுகளில் கொள்ளும் கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும். ஆகவே 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் ஒரு மணி நேரம்தான். நான் பார்த்த ஒரு பணிமனையில் ரிவெட் அடித்தவர்கள் ஓய்வு பெறும்போது, வீட்டில் பேரன் கூப்பிடுவதே காதில் விழாது.

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் வாக்னர் நாடக ஒத்திகையின்போது, பித்தளைக் குழல்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவரின் காது பாதிக்கப்பட்டது. அவர் தொடர்ந்த வழக்கில் 2018-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

குழியைச் சீர்படுத்த வழிகள் உண்டு. முன் வரிசை நாற்காலிகள் சிலவற்றை எடுத்துக் குழியை அகலமாக்கலாம். பின்சுவரில் ஒலியை உறிஞ்சும் பலகை பதிக்கலாம். குழல்களின் வாய் முன்னால் இருப்பவர் காதுக்கு நேராக வராதபடி தளத்தின் உயரத்தை மாற்றலாம். காற்றோட்டமும் நல்ல விளக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பல அரங்குகளில் அது நன்கொடையாளரிடமிருந்தே வர வேண்டியிருக்கிறது. ஆனால் நாற்காலியில் பெயர்ப்பலகை பொறித்தால் நாலு பேர் படிப்பார்கள். குழிக்குள் பதித்த பலகையை யார் பார்ப்பார்கள்?

ரயில்வேயில் 'பிட் லைன்' என்று ஒன்று உண்டு. தண்டவாளத்துக்கு நடுவே உள்ள அந்தப் பள்ளத்தில் நின்றுதான் பெட்டியின் அடிப்பாகத்தைச் சோதிப்பார்கள். பயணிகள் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அங்கே விளக்கு மங்கினால் வண்டியின் பத்திரமே கேள்விக்குறி.

நம் தமிழ்ச் சங்கங்களும் மண்டபம் கட்டுகின்றன, நன்கொடை திரட்டுகின்றன. முகப்புக்கும் குத்துவிளக்குக்கும் கொடுப்பவர் தாமே வருவர். பக்கவாத்தியக்காரர் அமரும் இடம், ஒலிபெருக்கி குழந்தைகளின் காதருகே வராத அமைப்பு, மேடைக்குப் பின்னே காற்றோட்டம் ஆகியவற்றுக்கு நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை நன்கொடைச் சீட்டு உங்களிடம் வந்தால், "கண்ணுக்குத் தெரியாத வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.