எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வாசல்

பெங்களூரு காக்ஸ் டவுன் சந்தைப் பக்கம் ஒரு மாலை நேரம் நின்று கேட்டால், கால் மணி நேரத்துக்குள் ஐந்து மொழிகள் காதில் விழும். காய்கறிக்காரரிடம் தமிழில் பேரம், ஆட்டோக்காரரிடம் கன்னடம், இறைச்சிக் கடையில் உருது, அடுத்த வீட்டு அம்மாளிடம் தெலுங்கோ மலையாளமோ, பள்ளிப் பிள்ளைகளுக்குள் ஆங்கிலம். இது நேற்று உண்டான கலவை அன்று. 1809-இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்தபோது, சென்னை ராஜதானிப் படையோடு தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக இங்கு வந்து சேர்ந்தன. 1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின்னர் நெரிசல் மிகுந்த பழைய தெருக்களை விட்டு மக்கள் புதிய புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஃப்ரேசர் டவுனும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் அவ்வாறு வளர்ந்தவையே. 1947 வரை மைசூர் அரசின் ஆட்சிக்கு வெளியே, 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற தனிப் பகுதியாக இருந்த இந்த வட்டாரத்தில், வெவ்வேறு தாய்மொழிகளையும் மதங்களையும் சேர்ந்த குழந்தைகள் ஒரே தெருவில் பம்பரம் விட்டு வளர்ந்தார்கள்.

ஆயினும் தெருவில் விளையாட இறங்க இயலாத குழந்தைகளும் அந்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யோசிக்க இந்த ஊர் சற்றுத் தாமதித்தது.

அந்தத் தாமதத்தைப் போக்க முன்வந்தவர்களுள் முக்கியமானவர்கள் பெற்றோர்களே. காக்ஸ் டவுனுக்கு அருகில், ஃப்ரேசர் டவுனில் உள்ள கோல்ஸ் பார்க் பலருக்கும் தெரிந்த இடம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து உருவாக்கிய 'கிலிகிலி' என்னும் அமைப்பு, மாநகராட்சிப் பூங்காக்களில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடக்கூடிய பகுதிகளை ஏற்படுத்தும் முயற்சியை மேற்கொண்டது. அம்முயற்சி வேர்கொண்ட இடங்களுள் கோல்ஸ் பார்க்கும் ஒன்று. கன்னடத்தில் 'கிலிகிலி' என்பது குழந்தையின் சிரிப்பொலியைக் குறிக்கும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கெனத் தனியாக வேலியிட்ட ஒரு மூலையை அவர்கள் கேட்கவில்லை. மற்றக் குழந்தைகள் ஆடும் அதே பூங்காவில், அதே மாலை நேரத்தில் தங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். மேலோட்டமாகப் பார்க்கையில் சிறியதாகத் தெரியும் இவ்வேறுபாட்டில்தான் நாம் பேசப்போகும் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்னும் சற்றுத் தொலைவில் லிங்கராஜபுரம். அங்கே 'மாற்றுத்திறனாளிகள் சங்கம்' எனத் தமிழில் சொல்லத்தக்க ஏ.பி.டி. நிறுவனம் இயங்கிவருகிறது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த என்.எஸ். ஹேமா அவர்களும் அவருடைய நண்பர்கள் சிலரும் 1959-இல் தொடங்கியது அது. அதன் பள்ளியில் மாற்றுத்திறன் உடைய பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கிறார்கள். ஆக, கூடிப் படிக்கப் பள்ளியும் கூடி ஆடப் பூங்காவும் இவ்வட்டாரத்தில் அமைந்துவிட்டன. கூடிக் கண்டு வியப்பதற்கான அருங்காட்சியகம் என்ன நிலையில் இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி.

காக்ஸ் டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால் கஸ்தூர்பா சாலை. அங்குள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைக் காணாமல் பெங்களூரில் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர் அரியர். 1962 ஜூலை 14-ஆம் நாள் பண்டித நேரு அதன் கட்டடத்தைத் திறந்துவைத்தார். யாருடைய பெயரைத் தாங்கியதோ அந்த விஸ்வேஸ்வரய்யா அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் மறைந்திருந்தார். இன்றும் அங்கு ரைட் சகோதரர்களின் விமானத்தின் மாதிரியைச் சுற்றிக் குழந்தைகள் மொய்த்து நிற்பதைக் காணலாம். பொத்தானை அழுத்தி, பிடியைச் சுழற்றி, கயிற்றை இழுத்துக் கற்பது என்னும் வழக்கத்தை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கிய இடங்களுள் அது ஒன்று.

தொட்டுக் கற்பது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தது. 1902-இல் அங்கு பணியில் சேர்ந்த அன்னா பில்லிங்ஸ் கேலப் என்ற ஆசிரியை, இது பெரியவர்களின் அருங்காட்சியகத்தைச் சுருக்கிய நகலாக இருத்தல் கூடாது, குழந்தை இதைத் தன்னுடைய இடம் என எண்ண வேண்டும் என்ற கொள்கையோடு முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். 1913-இல் பாஸ்டனிலும் ஒன்று தோன்றியது. 1962-இல் அதன் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்பாக், குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன். சிறு வயதில் எழுத்துகளை வாசிக்கத் திணறியவர். டிஸ்லெக்சியா என இன்று நாம் அழைக்கும் குறைபாடு அவருக்கு இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளையும் நீண்ட விளக்கப் பலகைகளையும் அகற்றி, பொருள்களைக் குழந்தைகளின் கைக்கே கொண்டுவந்தவர் அவர். வாசிக்கச் சிரமப்பட்ட ஒருவர், வாசிக்காமலும் அறியக்கூடிய அருங்காட்சியகத்தை அமைத்தார். அதனால் நன்றாக வாசிக்கத் தெரிந்த குழந்தைகளும் கூடுதலாகவே பயன்பெற்றனர். 1970-களில் அதே அருங்காட்சியகம், கண் தெரியாவிட்டால், காது கேளாவிட்டால், நடக்க இயலாவிட்டால் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைப் பிள்ளைகள் தாமே உணரும்படி ஒரு காட்சியை ஏற்படுத்தியது. 1976-இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கப்பட்ட ஓர் அருங்காட்சியகமோ, 'தயவுசெய்து தொடுங்கள்' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

நம் நாடும் இதில் மிகவும் பின்தங்கியதன்று. குஜராத்தின் அம்ரேலியில் 1955-இலேயே குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் தோன்றிவிட்டது. கேலிச்சித்திரக்காரர் சங்கர் தில்லியில் உருவாக்கிய பொம்மை அருங்காட்சியகம் 1965-இல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பொம்மைகளும் இந்திய மாநிலங்களின் உடையணிந்த பொம்மைகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. அந்தப் பொம்மைகளை நான் விரும்புகிறேன். எனினும், வேற்றுமையில் ஒற்றுமையைக் குழந்தைக்குக் காட்ட மாநிலத்துக்கு ஓர் உடை, ஓர் உடைக்கு ஒரு பொம்மை என்ற முறை இன்றைக்குப் போதாது என்றே தோன்றுகிறது. கர்நாடகத்தில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, பக்கத்து வீட்டில் ரமலான் கஞ்சி குடித்து, டிசம்பரில் தெருவெல்லாம் தொங்கும் நட்சத்திர விளக்கை எண்ணி மகிழும் காக்ஸ் டவுன் சிறுமி, அந்த வரிசையில் எந்தப் பொம்மையின் பக்கம் போய் நிற்பாள்? தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டை, தன் பாட்டியின் கையிலிருப்பது போன்ற ஒரு பாத்திரத்தை அருங்காட்சியகத்தில் காணும் குழந்தை அடையும் மகிழ்ச்சி தனி. அதை ஒருமுறையும் காணாத குழந்தை, வரலாறு என்பது வேறு யாருக்கோ உரியது என்று எண்ணிக்கொண்டு திரும்புகிறது.

மொழியும் ஒரு படிக்கட்டே. முதல் தலைமுறையாகப் பள்ளி செல்லும் பிள்ளைக்கு விளக்கப் பலகையின் ஆங்கிலம் எட்டாது. உடன் வந்த பெற்றோருக்கும் எட்டாது. எல்லா மொழிகளிலும் பலகை வைப்பது இயலாத காரியம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கைப்பேசியில் கேட்கும் ஒலிக்குறிப்புக்கு மொழி கூடினாலும் சுவரில் இடம் கூடுதலாகத் தேவைப்படாது. பலகை இல்லாமலே புரியும் காட்சியோ எல்லா மொழிகளையும் தாண்டிவிடுகிறது. ஸ்பாக் கண்டது அதைத்தான்.

தொலைவு இன்னொரு தடை. நகரத்தில் இருப்பவருக்கே எளிதில் கிட்டாத அருங்காட்சியகம், கிராமத்துப் பிள்ளைக்கு எப்படிக் கிட்டும்? இதற்கு இந்தியா கண்ட விடை பேருந்து. 1965-இல் கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அறிவியல் காட்சிகளைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பெங்களூரு அருங்காட்சியகமும் அவ்வழியைப் பின்பற்றியது. பெரிய கட்டடங்களைக் கட்டுவதைவிட இந்தப் பேருந்து அதிகக் குழந்தைகளுக்கு நன்மை செய்திருக்கும் என்று ஒருவர் வாதாடினால் நான் மறுக்கமாட்டேன்.

இனிச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதனால் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன. அதன் 29-ஆம் பிரிவு பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் பற்றிப் பேசுகிறது. கலை எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்றும் கூறுகிறது. சென்னைக் கடற்கரைச் சாலையில் 2022-இல் திறக்கப்பட்ட 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்', மாற்றுத்திறனாளிகள் அன்றாட வாழ்வில் பயன்படுத்தத்தக்க கருவிகளைத் தொட்டும் இயக்கியும் பார்க்க வாய்ப்பளிக்கிறது. உலக அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பான ஐகாம், 2022 ஆகஸ்டில் பிராகாவில் 'அருங்காட்சியகம்' என்னும் சொல்லுக்கே புதிய வரையறை தந்தபோது, அனைவரும் அணுகக்கூடியது, அனைவரையும் உள்ளடக்கியது என்னும் பண்புகளை அதில் சேர்த்தது.

வங்கி வாடிக்கையாளர்களான நமக்கு இதில் ஓர் ஒப்புமை எளிதில் விளங்கும். புதிதாக நிறுவும் ஏ.டி.எம். இயந்திரங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது பிரெய்ல் விசைகளோடு பேசும் இயந்திரங்களாக இருக்க வேண்டும் என 2009-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. 2014 ஜூலை முதல் புதிய இயந்திரங்கள் அனைத்தும் அவ்வாறே இருக்க வேண்டும் என்றது. பார்வையற்ற தந்தை ஒருவர் பிறர் உதவியின்றித் தம் பணத்தை எடுத்துக்கொள்ள இன்று வழியுண்டு. அந்தப் பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கித் தம் மகளோடு உள்ளே சென்றால், அவர் விரல்களுக்கு எதிர்ப்படுவது பெரும்பாலும் கண்ணாடிதான்.

கண்ணாடிக்கு மாற்று உண்டு. கஸ்தூர்பா சாலையிலேயே 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கலை, நிழற்பட அருங்காட்சியகம், திட்டமிடும்போதே மாற்றுத்திறனாளிகளை மனத்தில் கொண்டது. சில படைப்புகளுக்குத் தொட்டுணரும் வடிவங்களைச் செய்துவைத்தது. ஓவியத்தில் உள்ள கோடு, மேடாக எழும்பி விரலுக்குத் தெரிகிறது. பார்வையுள்ள பிள்ளைகளும் அதைத் தடவிப் பார்க்கிறார்கள். தொடக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் ஆயிற்றே!

கட்டிய பின் திருத்துவது கடினம். சாய்வுப் பாதைக்கான பொதுவான அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது, ஒரு மீட்டர் உயரம் ஏறப் பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும். வரைபடம் போடும்போது அது வெறும் ஒரு கோடு. கட்டடம் எழுந்துவிட்ட பிறகு அதற்கு இடம் தேடினால் கொல்லைப்புறம்தான் கிடைக்கும். இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். என் தங்கை மகன் சக்கர நாற்காலியில் செல்பவன். வேறொரு நகரத்தின் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அவனை அழைத்துச் சென்றோம். முன்வாசலில் பதினொரு படிகள். காவலர் நல்லவர், எங்களைப் பின்பக்கமாகச் சுற்றி அழைத்துப் போனார். உடைந்த நாற்காலிகளும் துடைப்பங்களும் குவிந்த அறை வழியாக உள்ளே நுழைந்தோம். காட்சிப் பெட்டிகள் அவன் நெற்றிக்கு மேல் இருந்தன. "மாமா, நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

உடலின் தடைகளைவிட, கண்ணுக்குத் தெரியாத தடைகளை நாம் மேலும் எளிதாக மறந்துவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் திடீர் உறுமல் ஒலியும் மின்னும் விளக்கும் பெருந்துன்பம். வெளிநாடுகளில் பல அருங்காட்சியகங்கள் மாதத்தில் சில மணி நேரம் ஒலியைக் குறைத்து, கூட்டத்தைக் கட்டுப்படுத்தி, அத்தகைய குடும்பங்களை வரவேற்கின்றன. இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை; ஒரு விசையைத் திருகுவதும், வாயிலில் நிற்பவருக்கு இரண்டு நாள் பயிற்சி தருவதும் போதும். அழும் குழந்தையைக் கண்டு பெற்றோரை முறைக்காத ஓர் ஊழியர், அந்த நாளையே மாற்றிவிடுகிறார்.

வாசகர்கள் குழந்தைகளோடு கிளம்பும் முன் அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் பேசி, மின்தூக்கி இயங்குகிறதா, சக்கர நாற்காலி கிடைக்குமா, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று கேட்பது நலம். உங்கள் வீட்டில் அத்தகைய குழந்தை இல்லாவிடினும் கேளுங்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்குத்தான் அலுவலகங்களில் கோப்பு திறக்கப்படும். பார்வையாளர் பதிவேட்டில் நாம் வழக்கமாக எழுதும் 'மிக நன்று' என்பதற்குப் பதிலாக, எந்தப் பெட்டி உயரமாக இருந்தது, எந்தப் பலகை புரியவில்லை என்று எழுதலாம்.

தங்கை மகனை அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எந்த அருங்காட்சியகத்துக்கும் நாங்கள் அழைத்துச் செல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பின்னர் ஒரு விடுமுறையில், தயங்கித் தயங்கி, வேறோர் இடத்துக்குப் போனோம். முன்வாசலிலேயே சாய்வுப் பாதை இருந்தது. உள்ளே ஒரு பணியாளர் அம்மாள், பழங்காலப் பானை ஒன்றின் மாதிரியை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் யாரோ ஒரு குயவரின் கட்டைவிரல் பதிந்ததைப் போன்ற பள்ளத்தைக் கண்டுபிடித்துத் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பொருத்தினான். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று, தங்களுக்கும் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். ஒவ்வொருவராக வரிசையில் வரும்படி அவன் கட்டளையிட்டுக்கொண்டிருந்தான்.