ஓரியின் வில்லும் ஆரமும்

திரைப்படம் எடுத்தல் பெரும்பொருள் உடையார்க்கே இயல்வது என்னும் எண்ணம் பலர்க்கும் உண்டு. 1935-ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிலையங்களில், வேண்டுவனவற்றை அமைத்துத் தரத் தச்சரும் ஓவியரும் இருந்தனர். கைப்பேசியையே படக்கருவியாகக் கொண்ட மாணாக்கர்க்கு அத்தகையோர் இலர். ஆயினும் மூங்கிலும் பழங்காகிதமும் உள. கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் வல்வில் ஓரியின் கதையைக் குறும்படமாக்கப் புகுந்த யாம் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் செய்யத்தக்கது கதையை ஊன்றிப் படித்தல். புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஓரி, அரியணையில் வீற்றிருப்பவன் அல்லன். காட்டில் திரியும் வேட்டுவன்போல் வருபவன். அவன் விட்ட அம்பொன்று யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து புற்றிலுள்ள உடும்பிற் சென்று தங்குகின்றது. கண்ட பாணர், அவன் மார்பில் தவழும் ஆரத்தை நோக்கி, இவன் ஊன் விற்கும் வேடன் அல்லன் என ஐயுறுகின்றனர். எனவே மணிமுடியும் மாளிகையும் வேண்டா. வில், அம்பு, ஆரம் என்னும் மூன்றே கதையைத் தாங்குவன. இவ்வாறு வேண்டாதன நீக்குதலே முதற் சிக்கனமாம்.

வில்லுக்குப் பிளந்த மூங்கிலும் சணற்கயிறும் போதும். அம்புக்கு நாணற்குச்சி கொள்க. அதன் முனையைத் துணியாற் பொதிந்து சாம்பல் வண்ணம் பூசுக. இரும்பு முனை எக்காலத்தும் ஆகாது. துணிமுனை அம்பையும் எவர் மீதும் எய்தல் கூடாது. நாணை இழுத்தலை ஒரு காட்சியாகவும், அம்பு தைத்திருத்தலை மற்றொரு காட்சியாகவும் எடுத்து இணைப்பின், இடையிலுள்ளதைக் காண்போர் மனமே நிரப்பிக்கொள்ளும்.

ஆரம் செய்யும் முறையை நம் பாட்டிமாரிடமே கற்கலாம். முறத்தை மெழுக அவர் பயன்படுத்தும் காகிதக்கூழே அதற்கும் உரியது. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்து, நீரைப் பிழிந்து, ஊறிய வெந்தயத்துடன் ஆட்டுரலில் மையென அரைக்க. வெந்தயத்தின் பசை கூழை இறுக்கும். பட்டாணியளவு உருட்டி, ஈரமிருக்கும்போதே ஈர்க்காற் துளையிட்டு நன்கு உலர்த்துக. பின்னர் வெள்ளை வண்ணம் பூசி, மெழுகுவர்த்தியால் மெல்லத் தேய்ப்பின் முத்தின் மங்கிய ஒளி தோன்றும். மலைப்பனியும் மழையும் கூழை இளக்குமாதலின், படப்பிடிப்பு முடியுமளவும் மூடிய பெட்டியில் வைத்துக் காத்தல் நன்று.

யானைக்கு முழுவுருவம் வேண்டுவதன்று. மூங்கிற் சட்டத்திற் கோணியைப் போர்த்துக் கரியும் களிமண்ணும் பூசி, ஒரு காதையும் துதிக்கையையும் புதரிடையே அசைப்பின் அமையும். படக்கருவி காணாததைச் செய்தல் வீண்செலவே.

தெருக்கூத்தர் தம் அணிகலன்களை இலேசான கலியாண முருங்கை மரத்தாற் செய்து, கண்ணாடித் துண்டுகள் பதிப்பர். இரவெல்லாம் ஆடுவோர்க்குச் சுமை குறையவும், தொலைவிலுள்ளார் கண்ணுக்கு ஒளி எட்டவும் அம்முறை ஏற்றது. படக்கருவியோ அருகிற் சென்று பார்ப்பது. ஆங்கே மிகுந்த பளபளப்புப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்; சிறிது சாம்பலைத் தேய்த்து மங்கவைத்தலே அதற்கு மருந்து.

ஆடித்திங்கள்தோறும் ஓரிக்கு விழா எடுக்கும் மலை இது. காகிதமும் கோணியும் கொண்டு செய்தோம் என்பதற்காக, அவன்தன் மலையோர் முன்னிலையில் அவன் நகைப்பிற்கு இடமாதல் தகாது. பொருட்குறை குற்றமன்று; கருத்துக்குறையே குற்றம். ஆதலின் நண்பர்காள், கைப்பொருள் சிறிதென்று தயங்காது, பாட்டை ஒருமுறைக்கு இருமுறை படித்து, பின்னர் மூங்கிலைத் தேடிப் புறப்படுவீராக!