கூடு விட்டுப் பறக்காத குஞ்சுகள்

இறகு முளைத்த குஞ்சு கூட்டை விட்டுப் பறந்து செல்வதே இயற்கையின் நியதி என நாம் எண்ணுகின்றோம். ஆனால், வளர்ந்து முதிர்ந்த பின்னரும் பெற்றோரின் எல்லைக்குள்ளேயே தங்கி, தமக்குப் பின் பிறந்த குஞ்சுக்கு இரை ஊட்டும் பறவைகளும் உலகில் உள்ளன. அவை ஏன் பிரிந்து செல்வதில்லை? இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றை அளித்தது, இந்து சமுத்திரத்தில் வாழும் சுமார் 15 கிராம் நிறையுள்ள ஒரு குருவியாகும்.

சீஷெல்ஸ் நாட்டை, அதன் தலைநகர் விக்ரோறியாவில் தமிழர் எழுப்பிய விநாயகர் ஆலயத்தின் வாயிலாக வாசகர் சிலர் அறிந்திருக்கக்கூடும். அந்நாட்டின் கூசான் தீவு 29 ஹெக்ரேயர் பரப்பளவே உடையது. தென்னைச் செய்கைக்காக இயற்கைக் காடு அழிக்கப்பட்டமையால், அங்கு மட்டுமே எஞ்சியிருந்த சீஷெல்ஸ் கதிர்க்குருவிகளின் தொகை 30க்கும் கீழே வீழ்ந்தது. 1968இல் பறவைப் பாதுகாப்புக்கான சர்வதேசப் பேரவை அத்தீவை விலைக்கு வாங்கி, காட்டு மரங்களை மீண்டும் வளரவிட்டது. 1980களில் குருவிகளின் தொகை 300ஐத் தாண்டியது. அதன்பின் புதிய சோடிகள் குடியமர அங்கு நிலம் இருக்கவில்லை.

நெதர்லாந்து உயிரியலாளர் யான் கொம்டோர், குருவிகளின் கால்களில் வர்ண வளையங்களை இட்டு, ஒவ்வொரு சோடியின் எல்லையையும் வரைந்தார். இலைகளின் அடிப்புறத்தில் உள்ள பூச்சிகளை எண்ணி, எந்நிலம் வளமானது, எந்நிலம் வறியது எனக் கணித்தார். உப்புக் காற்றினால் இலை கருகும் கரையோரம் வறியதாகவும், தீவின் உட்புறம் வளமானதாகவும் காணப்பட்டன.

பெற்றோருடன் தங்கிய குருவிகளிற் பெரும்பாலானவை பெண் குருவிகள். அவை கூடு கட்டவும், அடைகாக்கவும், இரை தேடவும் துணை நின்றன. வளமான நிலத்தில் இத்துணையினால் கூடுதலான குஞ்சுகள் பிழைத்தன. வறிய நிலத்திலோ நிலைமை மாறானது. அங்கு தங்கும் மகள், இருக்கும் சொற்பப் பூச்சிகளையும் உண்டு பெற்றோருக்குப் போட்டியாகிறாள். ஒரே செயல் ஓரிடத்தில் உதவியாகவும் இன்னோரிடத்தில் சுமையாகவும் அமைகின்றது.

1988இல் 29 குருவிகள், அவ்வினம் இல்லாதிருந்த அரிட் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. உணவும் இடமும் தாராளமாக இருந்த அங்கு, பிறந்த குஞ்சுகள் யாவும் உரிய வயதில் பிரிந்து சென்று தமக்கெனக் கூடு கட்டின. உதவிக்குத் தங்கியவை எவையும் இல்லை. நல்ல நிலங்கள் நிரம்பிய பின்னரே, வளமான எல்லைகளிற் பிறந்தவை வீட்டிலேயே தங்கத் தொடங்கின. மறுபுறம், கூசானில் அகற்றப்பட்ட குருவிகளின் வெற்றிடங்களைத் தங்கியிருந்தவை விரைவிலேயே கைப்பற்றின. ஆனால், வளமான நிலத்திற் பிறந்தவை வளமான வெற்றிடத்துக்கே சென்றன. அதனிலும் தாழ்ந்ததை ஏற்கவில்லை. ஆகவே, தங்குவது வெறும் பாசத்தினால் அன்று. செல்லுமிடத்தின் தரமும் பிறந்த இடத்தின் தரமும் ஒப்பிடப்பட்டே அம்முடிவு அமைகின்றது.

1997இல் வெளியான ஆய்வு மேலும் வியப்பூட்டியது. இக்குருவி பொதுவாக ஒரு தடவையில் ஒரு முட்டையே இடும். துணைப்பறவை இல்லாத சோடிகளின் குஞ்சுகளில், வறிய நிலத்தில் 77 வீதமானவை ஆண்கள். வளமான நிலத்தில் 13 வீதமே ஆண்கள். ஆண் குருவி பிரிந்து செல்வது. பெண் குருவி தங்கி உதவுவது. வறிய நிலத்திலிருந்து வளமான நிலத்துக்கு மாற்றப்பட்ட சோடிகள், மகன்களைப் பெறுவதை விடுத்து மகள்களைப் பெறத் தொடங்கின. வளமான நிலத்திலும், ஏற்கெனவே இரு துணைப்பறவைகள் இருப்பின், அடுத்துப் பெரும்பாலும் மகனே பிறந்தான். பெற்றோரின் கவனிப்பு, முட்டை இடப்படுவதற்கு முன்னரே நிலத்தின் வளத்தைச் சார்ந்து தொடங்கிவிடுகின்றது எனலாம்.

கூசீன், டெனிஸ், பிறெகேற் ஆகிய தீவுகளுக்கும் பின்னர் இக்குருவிகள் குடியமர்த்தப்பட்டன. கடலைத் தாமாகக் கடந்து வேறு தீவை அடைவது இவற்றுக்கு மிக அரிது. ஆதலால் ஒரு தீவுக்கு நேரும் அழிவு இனத்தின் அழிவாகாதிருக்க இதுவே வழியாயிற்று. முப்பதுக்கும் குறைந்திருந்த இனம் இன்று மூவாயிரமாகப் பெருகியுள்ளது.

குருவியின் வாழ்வில் நம் வாழ்வைக் காண மனம் விழையும். அது விஞ்ஞானம் ஆகாது. எனினும் ஒன்று உறுதி. பிள்ளை தங்குவதையும் பிரிவதையும் கொண்டு பெற்றோரை மட்டும் எடைபோடுவது முறையன்று. அவர்கள் நிற்கும் நிலம் எத்தகையது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.