ஊறவைத்தால் பாதி வேலை முடிஞ்சது... சத்தான காராமணி சாதம் ஈஸியா செய்வது எப்படி?

தக்காளி சாதம், லெமன் சாதம், புளி சாதம்... காலையில் அவசரத்துக்கு நமக்குக் கைகொடுக்கிற வெரைட்டி ரைஸ் லிஸ்ட் இவ்வளவுதான். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனா, அந்த டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தா உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து மட்டும்தான். தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல் வைச்சா, மாவுச்சத்துக்குத் துணையா இன்னொரு மாவுச்சத்து. பதினோரு மணிக்கே பிள்ளைக்குப் பசிக்குது, மூணு மணிக்கு ஆபீஸில் கண்ணு சொக்குதுன்னா அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதை மாத்த புரோட்டீன் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. மளிகை அலமாரியில், சுண்டலுக்காக வாங்கி மிச்சம் வைத்திருக்கும் காராமணி போதும். கொங்குப் பக்கம் இதுக்குத் தட்டைப்பயறுன்னு பேரு. இலங்கைத் தமிழர்கள் கௌபி என்பார்கள். கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பு, நவராத்திரிக்குச் சுண்டல், காரடையான் நோன்புக்கு அடைன்னு நமக்கு நல்லாவே பழக்கப்பட்ட பயறுதான். அதை அரிசியோடு சேர்த்து ஒரே குக்கரில் வேகவைப்பதுதான் இந்த வாரம் நாம பார்க்கப்போற காராமணி சாதம்.

அரிசிக்கும் பயறுக்கும் என்ன சம்பந்தம்?

உலகத்தில் அரிசி விளையுற இடங்களில் எல்லாம் இந்த ஜோடி இருக்கு. பஞ்சாபில் ராஜ்மா சாவல். ஜமைக்காவில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் தேங்காய்ப்பால் ஊத்தி, சிவப்பு பீன்ஸ் சேர்த்து வேகவைத்த சாதம். கோஸ்டாரிகாவில் காலை உணவே கறுப்பு பீன்ஸ் கலந்த சாதம்தான். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 'வாச்சே' என்று ஒரு தெருவோர உணவு உண்டு. அது அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்ததுதான். காராமணியின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான் என்பதால், அவங்க இதில் நமக்கு சீனியர்!

இத்தனை ஊர்க்காரர்களும் ஒரே ஜோடியைப் பிடித்ததுக்கு ருசியைத் தாண்டி ஒரு காரணம் இருக்கு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்த சங்கிலி. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது தாராளம். பயறில் மெத்தியோனைன் குறைவு. அரிசியில் அது போதுமான அளவு உண்டு. ஒண்ணோட குறையை இன்னொண்ணு சரிபண்ணுது. ரெண்டையும் ஒரே வாயில் சாப்பிட்டாதான் பலன் என்று இல்லை, ஒரே நாளில் சாப்பிட்டாலும் போதும். ஆனா ஒரே பாத்திரத்தில் இருந்தா, 'பருப்பு வேண்டாம், சாதம் மட்டும் போதும்' என்று ஒதுக்கிவைக்க யாருக்கும் வழியில்லை.

கணக்கையும் பார்த்திடுவோம். 100 கிராம் அரிசியில் 7 முதல் 8 கிராம் புரதம். 100 கிராம் காராமணியில் 20 கிராமுக்கு மேல். ஒன்றரை கப் அரிசியை நாலு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்குக் கிட்டத்தட்ட 6 கிராம் புரதம் வரும். அதே பாத்திரத்தில் அரை கப் காராமணி சேர்த்தா, அது 10 கிராம் ஆகிடும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேணும் என்பது ஐ.சி.எம்.ஆர் சொல்லும் கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி முடிச்சு, கடைசியா சாப்பிட உட்காரும்போது குழம்பில் காய், பருப்பு எல்லாம் காலியாகி, வெறும் சாதமும் ரசமும் மிஞ்சுற அம்மாக்களுக்கு இந்த 46 கிராம் எங்கிருந்து வரும்? பயறு சாதத்தில் முதல் கரண்டியிலும் கடைசிக் கரண்டியிலும் ஒரே சத்துதான்.

தேவையானவை (4 பேருக்கு)

பச்சரிசி (பொன்னி) - ஒன்றரை கப்
காராமணி - அரை கப்
சின்ன வெங்காயம் - 15
தக்காளி - 2
பூண்டு - 8 பல்
இஞ்சி - சிறு துண்டு
காய்ந்த மிளகாய் - 3
சாம்பார் பொடி - ஒன்றரை டீஸ்பூன்
மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன்
கடுகு, சீரகம் - தலா அரை டீஸ்பூன்
பெருங்காயம் - 2 சிட்டிகை
நல்லெண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன்
கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை, உப்பு - தேவையான அளவு
எலுமிச்சை - அரை மூடி

செய்முறை

1. முதல் நாள் ராத்திரி காராமணியைக் கல், பூச்சி பார்த்துக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப்போடுங்க. 6 முதல் 8 மணி நேரம் ஊறணும்.

2. காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிடுங்க. புதுத் தண்ணீர் ஒன்றரை கப், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, குக்கரில் ஒரே ஒரு விசில் விட்டு, பிரஷர் தானாக அடங்கட்டும். அந்த நேரத்தில் அரிசியைக் கழுவி 15 நிமிஷம் ஊறவைச்சிடலாம்.

3. ஒரு காராமணியை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்க. நசுங்கணும், ஆனா நடுவில் லேசா கெட்டியா இருக்கணும். அதுதான் முக்கால் பதம். கல் மாதிரி இருந்தா இன்னொரு விசில். பயறை வடிகட்டி, வெந்த தண்ணீரைக் கொட்டாம எடுத்து வைங்க.

4. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சு, தட்டிய இஞ்சி, பூண்டு, வெங்காயத்தைச் சேர்த்து நிறம் மாறும்வரை வதக்குங்க. அப்புறம் தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார் பொடி. தக்காளி குழைந்து எண்ணெய் பிரியணும்.

5. வெந்த பயறைப் போட்டு ரெண்டு பிரட்டு பிரட்டுங்க. எடுத்து வைத்த தண்ணீரோடு புதுத் தண்ணீரும் சேர்த்து மொத்தம் 3 கப் அளந்து ஊத்துங்க. உப்பு போட்டு, கொதி வந்ததும் அரிசியை வடித்துச் சேர்த்து, ஒரு தடவை கிளறி, மூடி போடுங்க.

6. மிதமான தீயில் 2 விசில். அடுப்பை அணைத்து, பிரஷர் தானாக அடங்கின பிறகுதான் திறக்கணும். கரண்டிக் காம்பால் மெதுவா கிளறி, எலுமிச்சைச்சாறு பிழிந்து, கொத்தமல்லித்தழை தூவினா சாதம் ரெடி.

இந்த அளவுத் தண்ணீருக்குச் சாதம் உதிரியா வரும். குழைவா வேணும்னா அரை கப் கூட்டிக்கலாம். புழுங்கல் அரிசி என்றால் கூடுதலா ஒரு கப் தண்ணீரும், இன்னொரு விசிலும் தேவைப்படும். தொட்டுக்கத் தயிர்ப்பச்சடியும் அப்பளமும் போதும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில், மீன் வறுவல், முட்டை தொக்கு மாதிரி அயிட்டங்களுக்குப் பக்கத்துணையாவும் இதை வைக்கலாம். அப்போ சாம்பார் பொடியைப் பாதியா குறைச்சு, மூணு கப் தண்ணீரில் ஒரு கப்புக்குப் பதிலா தேங்காய்ப்பால் ஊத்துங்க.

'எவ்வளவு விசில் விட்டாலும் பயறு வேகலை!'

பயறு சாதம் சொதப்புவதற்கு மூணு காரணங்கள்தான் உண்டு.

முதல் காரணம், தக்காளி அல்லது புளி. பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் பயறு மெத்துனு வேகும். புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்குது. அதனால்தான் பயறை முதலில் தனியா முக்கால் பதம் வேகவைச்சு, பிறகு தக்காளியோடு சேர்க்கிறோம். 'எல்லாத்தையும் ஒரே நேரத்தில் போட்டா வேலை மிச்சமாச்சே' என்று நினைச்சா, அரிசி குழைஞ்சு பயறு நறுக்குன்னு நிற்கும்.

ரெண்டாவது, தண்ணீர். போர்வெல் உப்புத்தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். இது ரெண்டும் பெக்டினை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். குடிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, குடிக்கிற தண்ணீரிலேயே வேகவைச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். சமையல் உப்பு போட்டா வேகாதுன்னு பயப்பட வேண்டாம். ஊறும்போது ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தா தோல் மென்மையாகத்தான் செய்யும்.

மூணாவது, பயறோட வயசு. வெயில் காலத்தில் டப்பாவில் மாசக்கணக்கா கிடந்த பயறு எத்தனை விசிலுக்கும் அசையாது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டா வெந்துடும்தான். ஆனா தயமின் என்ற பி வைட்டமின் வீணாகும், ருசியும் மாறும். கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, மூணு மாசத்துக்குள் தீர்த்துடுறதுதான் நல்லது.

வாயுத் தொல்லைக்கு என்ன பண்ணலாம்?

பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கு. இவற்றைச் செரிக்கும் என்சைம் நம் சிறுகுடலில் இல்லை. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் இவற்றைச் சாப்பிட்டு வாயுவை உண்டாக்குது. ஊறும்போது இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிடும். அதனால்தான் ஊறின தண்ணீரைக் கொட்டச் சொல்றோம். ரொம்ப அவஸ்தைப்படுகிறவர்கள் வெந்த தண்ணீரையும் கொட்டிடலாம். பயறே சாப்பிட்டுப் பழக்கமில்லாத வீடுகளில் முதல் வாரம் கால் கப்பில் ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க. வயிறு பழகிக்கும்.

எலுமிச்சையைத் தவிர்க்காதீங்க

இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. காராமணியில் இரும்புச்சத்து உண்டு. ஆனா தாவர உணவிலிருக்கும் இரும்பை உடல் அவ்வளவு சுலபமா எடுத்துக்காது. பயறிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் அதைப் பிடிச்சு வைச்சுக்கும். வைட்டமின் சி கூட இருந்தா உடல் கிரகிக்கும் அளவு கூடும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியச் சொன்னது அதுக்குத்தான், சூட்டில் கொதிச்சா வைட்டமின் சி குறைஞ்சிடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கிற பழக்கம் இருந்தா ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்க. அதிலுள்ள டானின் இரும்பைத் தடுக்கும்.

வேறு பயறில் செய்யலாமா?

பச்சைப்பயறு என்றால் ஊறவைக்கவே வேண்டாம். வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி, தக்காளி இல்லாமல் அரிசியோடு நேரடியா போட்டுடலாம். ராத்திரி ஊறப்போட மறந்த நாளுக்கு இதுதான் கைவைத்தியம். காய்ந்த மொச்சைக்குத் தோல் தடிமன், ராத்திரி முழுக்க ஊறி, கூடுதலா விசில் விடணும்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் கறாரா இருக்கணும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் அதிகம். சரியா வேகாத நாலைந்து ராஜ்மா போதும், சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துடும். ராத்திரி முழுக்க ஊறவைச்சு, தண்ணீரைக் கொட்டி, குக்கரில் நல்லா குழைய வேகவைக்கணும். கொதிநிலைக்குப் போகாத மிதமான சூட்டில் நேரம் நேரமா வேகவைக்கிற ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவை நேரடியா போடவே கூடாது. அந்தச் சூட்டில் நச்சு போகாது. ராஜ்மாவை 'முக்கால் பதம்' எடுக்கிற வேலையும் வேண்டாம். முழுசா வெந்த பிறகே அரிசியோடு சேருங்க.

லஞ்ச் பாக்ஸுக்கும் மிச்சத்துக்கும்

சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெளியில் மணிக்கணக்கா இருந்தா அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால மிஞ்சின சாதத்தை ரெண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைச்சிடுங்க. அடுத்த நாளே, நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டு முடிச்சிடணும். பிள்ளைகளுக்குக் கட்டுவது அன்று காலை சமைத்ததா இருக்கட்டும், சூடா ஹாட் பாக்ஸில் வைங்க. தேங்காய்த்துருவல், தேங்காய்ப்பால் சேர்த்ததை லஞ்ச் பாக்ஸுக்கு வேண்டாம், வெயில் நாளில் சீக்கிரம் ஊசிடும்.

யாருக்கு எப்படி மாத்தலாம்?

சர்க்கரை நோயாளிகள் அரிசியை ஒரு கப்பாகக் குறைச்சு, காராமணியை முக்கால் கப்பாகக் கூட்டலாம். தண்ணீர் ரெண்டு கப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தா போதும். தட்டில் பாதி காய்கறியா இருக்கட்டும். சின்னக் குழந்தைகளுக்கு மிளகாயைக் குறைச்சு, இன்னும் குழைய வேகவைச்சு, நெய் விட்டு மசிச்சுக் கொடுங்க. சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மட்டும், புரதமும் பொட்டாசியமும் அளவாக இருக்க வேண்டியவர்கள் என்பதால், டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பிடணும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கப் காராமணியை ஊறவைச்சு, முக்கால் பதம் வேகவைச்சு, வடிகட்டி, அரை கப் பயறுக்கு ஒரு டப்பா என்ற கணக்கில் நாலா பிரிச்சு ஃப்ரீசரில் போட்டுடுங்க. தேவைப்படும் நாளுக்கு முந்தின ராத்திரி ஒரு டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாத்தினா, காலையில் தாளிக்கிற வேலை மட்டும்தான். ஒரு நாள் சாதம், ஒரு நாள் கத்திரிக்காய் போட்ட குழம்பு, ஒரு நாள் சுண்டல்... மிச்சமிருக்கும் நாலாவது டப்பாவை என்ன பண்றதுன்னு உங்க வீட்டு நாக்குகளே முடிவு பண்ணட்டும்!