சிவப்பு விளக்கு

நம் தேசத்தில் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் திறந்துவிடப்பட்டது 1995-ம் வருஷம், சுதந்திர தினத்தன்று. இன்றோ முக்கூடலில் பீடி சுற்றும் குடும்பங்களுக்கும் அது அத்தியாவசியமாகிவிட்டது.

சென்ற வருஷம், கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நம் மாணவி ஒருத்தி, "நெட்டு வரமாட்டேங்கு, ஸார்!" என்று கண் கலங்கி வந்து நின்றாள்.

அவள் வீட்டுக்குச் சென்றோம். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. கண்ணாடி இழை வழியே வரவேண்டிய ஒளி பெட்டிக்கு எட்டவில்லை என்பதே அதன் பொருள். பீரோவை நகர்த்தியதில், பின்னாலிருந்த மெல்லிய வயர் மடங்கிக் கிடந்தது. கூர்மையாக மடங்கினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். வளைவாகத் தளர்த்திவிட்டோம், சிவப்பு அணைந்தது, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. இழை முறிந்திருந்தால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும்.

சிவப்பு விளக்கு எரியாமலே நெட் வராவிட்டால், பெட்டியை அரை நிமிஷம் அணைத்துப் போடுங்கள். ஓர் அறையில் மட்டும் வரவில்லையா? குற்றவாளி சுவர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கடக்கத் திணறும். 2.4 அலை வேகத்தில் குறைவு. எட்டும் தூரம் அதிகம். பெட்டியை வீட்டின் நடுவே, உயரத்தில் வைப்பது உத்தமம்.

கடைசி நாள்வரை காத்திராதீர்கள் என்பது மட்டும் வாத்தியார் என்ற முறையில் நம் புத்திமதி!