விளையாட்டுத் திரையின் ஓரத்தில் சார்ஜ் தெரிவது ஏன்?

பிள்ளைகள் போனில் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து திரையைச் சற்று உற்றுப் பாருங்கள். ஓடுவதும் சுடுவதுமாக நடுவில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். ஒரு மூலையில் மட்டும் ஆட்டத்தோடு சம்பந்தமில்லாத சில விவரங்கள் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு பேட்டரிப் படம், வைஃபை குறி, சிலவற்றில் மணி, கூடவே 48, 112 என்று மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண். பச்சையாக இருக்கும் அந்த எண் திடீரென்று சிவப்பாகும். பிள்ளை சத்தம் போடுவதும் அப்போதுதான்.

இதைக் கவனித்த தாய்மார்களுக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது இந்த விளையாட்டுக்குத் தெரிகிறதே, அப்படியானால் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, குடும்பப் படங்கள், உறவினர்களின் எண்கள் எல்லாவற்றையும் அது பார்க்குமா? சார்ஜ் தெரிகிறது என்பதாலேயே மற்றவையும் தெரிந்துவிடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவு எங்கே இருக்கிறது, அதை யார் திறக்கிறார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விவரங்கள் அங்கே ஏன் வந்தன என்பதை முதலில் பார்ப்போம். மணி, சிக்னல், சார்ஜ் மூன்றையும் காட்டும் பட்டை ஒன்று போனின் மேற்புறத்தில் இருக்கும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பு, அந்தப் பட்டையையும் கீழே உள்ள பொத்தான்களையும் மறைத்துவிட்டுத் திரை முழுவதையும் செயலியே எடுத்துக்கொள்ள வழி செய்தது. படம் பெரிதாகத் தெரியும் என்பதால் விளையாட்டு நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் விளையாடுபவரின் கண்ணிலிருந்து கடிகாரமும் சார்ஜும் மறைந்துபோயின. பப்ஜி மொபைல் போன்ற விளையாட்டில் நூறு பேர் வரை ஒரே ஆட்டத்தில் இறங்குவார்கள். கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் போன் அணைந்தால் கூட்டாளிகள் மூவரும் ஓர் ஆள் குறைந்து தவிப்பார்கள். ஆகவே, தான் மறைத்த விவரத்தை விளையாட்டே போனிடம் கேட்டு வாங்கி, தன் திரையின் ஓரத்தில் வரைந்து காட்டுகிறது.

மாறிக்கொண்டே இருக்கும் அந்த எண்ணுக்குப் பிங் என்று பெயர். நம் போனிலிருந்து ஒரு செய்தி கிளம்பி, விளையாட்டு நிறுவனத்தின் கணினியை அடைந்து, பதில் திரும்பி வர ஆகும் நேரம் அது. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று காட்டுவார்கள். கண்ணாடி இழைக் கேபிளுக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கிடக்கும் கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விளையாட்டின் கணினி சிங்கப்பூரில் இருந்தால், போக வர 6,000 கிலோமீட்டர், வழியில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 30 மில்லி விநாடி அதிலேயே போய்விடும். அதற்கு மேல் கூடுவதெல்லாம் பெரும்பாலும் நம் பக்கத்துக் கோளாறு. பல சுவர்களைத் தாண்டி வரும் வைஃபை, நெரிசலான டவர், அதே இணைப்பில் அக்கா பார்க்கும் வீடியோ. எண் 200ஐத் தாண்டினால், பிள்ளை சுட்ட செய்தி போய்ச் சேர்வதற்குள் எதிராளி இடம் மாறியிருப்பான். நெட்டால்தான் தோற்றேன் என்று அவன் சொல்வது எப்போதும் சாக்கு அல்ல.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. "லேக் ஆகிறது, புது போன் வாங்கித் தாருங்கள்" என்று கேட்காத பிள்ளை குறைவு. பிங் சிவப்பாக இருந்தால் கோளாறு இணைப்பில்தான். முப்பதாயிரம் ரூபாய்க்குப் புது போன் வாங்கினாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும். வைஃபை பெட்டியின் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். வேறோர் எண்ணும் உண்டு, அதற்கு எஃப்பிஎஸ் என்று பெயர். ஒரு விநாடியில் எத்தனை படங்களைப் போன் வரைந்து தள்ளுகிறது என்ற கணக்கு அது. 60 இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும், 20க்கு இறங்கினால் தட்டுத்தட்டி நகரும். இது மட்டும்தான் போனின் சக்தியைப் பொறுத்தது. இதிலும் பாதி நேரம் குற்றவாளி சூடுதான். போன் கொதிக்க ஆரம்பித்தால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தன் போன்களை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். சார்ஜரைச் செருகியபடி, தலையணை மேல் வைத்து விளையாடுவதை நிறுத்தினாலே பல போன்கள் சரியாகிவிடும்.

போனும் கருவியும் தரும் தகவலை விளையாட்டுக்குள் கொண்டுவருவது புதிய பழக்கமல்ல. 2003இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட பொக்டாய் என்ற விளையாட்டின் அட்டையில் சூரிய ஒளியை உணரும் சிறு கருவி பதிக்கப்பட்டிருந்தது. உண்மையான வெயிலில் நின்றால்தான் கதாநாயகனின் ஆயுதத்துக்குச் சக்தி ஏறும். பிள்ளைகளை வெயிலுக்கு அனுப்பிய வீடியோ கேம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய பெற்றோர் நம்புவது கடினம். அதே நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு விளையாட்டான மெட்டல் கியர் சாலிடில் மனத்தைப் படிப்பதாகச் சொல்லும் ஒரு வில்லன் வருவான். நீ இன்ன இன்ன விளையாட்டு ஆடியிருக்கிறாய் என்று பெயரைச் சொல்லுவான். ஆடியவர்கள் அசந்துபோனார்கள். அவன் மனத்தைப் படிக்கவில்லை. கருவியில் செருகியிருந்த நினைவக அட்டையில் அந்த நிறுவனத்தின் வேறு விளையாட்டுகளுக்கான பதிவுகள் இருக்கின்றனவா என்று நிரல் பார்த்தது, அவ்வளவுதான்.

இந்த வித்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கருவியைப் பற்றி ஒரு சிறு உண்மையைச் சொன்னதும், சொல்பவனுக்கு எல்லாமே தெரியும் என்று நம்பிவிடுகிறோம். 1998இல் அது வேடிக்கை. இன்று இதே வித்தையால் ஆட்களை ஏமாற்றுகிறார்கள்.

இலவச விளையாட்டின் நடுவே விளம்பரம் வரும். சிலவற்றில் அது விளம்பரம் போலவே இருக்காது. போனின் எச்சரிக்கைப் பலகை போல அச்சாக வரைந்திருப்பார்கள். உங்கள் போனின் கம்பெனிப் பெயரும் மாடலும் அதில் சரியாக இருக்கும், ஊர்ப் பெயர்கூட இருக்கும். பேட்டரி பழுதாகிவிட்டது, மூன்று வைரஸ்கள் உள்ளன, இரண்டு நிமிடத்தில் எல்லாப் படங்களும் அழிந்துவிடும், உடனே இதை அழுத்திச் சரிசெய்யுங்கள் என்று கீழே எண்கள் இறங்கிக்கொண்டிருக்கும். விளையாடுவது எட்டு வயதுப் பிள்ளை, போன் உம்மாவுடையது. பயந்து அழுத்திவிடுவான். மாடல் பெயர் தெரிந்ததே என்று பெரியவர்களும் நம்பிவிடுகிறார்கள். எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் போன் தன் வகையைத் தானாகவே தெரிவித்துவிடும் என்பதும், இணைய முகவரியை வைத்து ஊரை உத்தேசமாக ஊகிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அந்தப் பலகைக்கு உங்கள் போனின் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. பேட்டரி உண்மையில் பழுதானால் அதைப் போனின் அமைப்புகள் பகுதியில்தான் பார்க்க வேண்டும், விளையாட்டின் நடுவே ஒரு விளம்பரம் வந்து சொல்லாது. அப்படி ஒன்று வந்தால் எந்தப் பொத்தானையும் தொடாமல், மூடு என்று எழுதியிருப்பதையும் தொடாமல், விளையாட்டையே மூடிவிடச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். சார்ஜ் அளவு, சார்ஜர் செருகியிருக்கிறதா, மணி, மொழி, போனின் மாடல், இணைப்பு வைஃபையா மொபைல் டேட்டாவா என்பன எல்லாச் செயலிகளும் உங்களைக் கேட்காமலே அறியக்கூடியவை. இவை கதவுக்கு வெளியே திண்ணையில் கிடப்பவை. மைக், கேமரா, படங்கள், தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், இருக்கும் இடம் ஆகியவை கதவுக்கு உள்ளே இருப்பவை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், இவை ஒவ்வொன்றுக்கும் செயலி நேருக்கு நேர் அனுமதி கேட்டாக வேண்டும். ஐபோனிலும் இதே ஏற்பாடுதான். நீங்கள் மறுத்தால் கிடைக்காது. ஆனால் அனுமதி கேட்கும் நேரத்தில் போன் பிள்ளையின் கையில் இருக்கும், ஆட்டம் தொடங்க அவசரமாக இருக்கும், என்ன கேட்டாலும் அனுமதி என்பதை அழுத்திவிட்டுப் போவான். கதவைத் திறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

திண்ணையில் கிடப்பவையும் ஒன்றுக்கும் உதவாதவை என்று தள்ளிவிட முடியாது. இணையப் பக்கங்கள் பிரவுசர் வழியாகச் சார்ஜ் அளவைக் கேட்டுப் பெறும் வசதியைப் பற்றி 2015இல் பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தத் துல்லியமான எண்களைக் கொண்டே, வெவ்வேறு பக்கங்களுக்கு வந்துபோவது ஒரே ஆள்தான் என்று சிறிது நேரத்துக்கு அடையாளம் காண முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். 2017இல் பயர்பாக்ஸ் அந்த வசதியை இணையப் பக்கங்களிடமிருந்து விலக்கிக்கொண்டது. விளம்பர நிறுவனங்கள் ஆளை அறிவது இப்படிப்பட்ட சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்துத்தான். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் தொடும் போனில் அமைப்புகள் பகுதிக்குப் போய், தனியுரிமை என்பதன் கீழ் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிட்டால் போதும், அந்தக் கணக்கு பெருமளவு குழம்பிவிடும்.

நான் அதிகம் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு. எஃப்பிஎஸ், சூடு, பிங் எல்லாவற்றையும் திரையில் காட்டுவதாகவும் ஆட்டத்தை வேகமாக்குவதாகவும் சொல்லித் தனிச் செயலிகள் வருகின்றன. பிள்ளைகள் அவற்றை நண்பர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் இணைப்பிலிருந்து இறக்குகிறார்கள். மற்ற விளையாட்டின் மேல் எழுத்தைக் காட்ட வேண்டுமானால், பிற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி அதற்குத் தேவை. அதே அனுமதியால் உங்கள் வங்கிச் செயலியின் மேலும் ஒரு போலித் திரையைப் போர்த்த முடியும். அணுகல்தன்மை என்ற அனுமதியையும் சேர்த்துக் கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். திரையில் உள்ளதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அது போதும். குறுஞ்செய்தி அனுமதியும் அப்படியே. 2019 முதல் கூகுள் பிளே ஸ்டோர் அதைக் குறுஞ்செய்திக்கென்றே உள்ள செயலிகளுக்கும் மிகச் சில விதிவிலக்குகளுக்கும் மட்டுமே தருகிறது. ஒரு விளையாட்டு அதைக் கேட்கிறதென்றால், அதன் கண் உங்கள் ஓடிபி மேல் இருக்கிறது. விளையாட்டின் வேகம் தெரியத்தான் வேண்டும் என்றால் பல போன்களில் கேம் பூஸ்டர், கேம் டர்போ போன்ற பெயர்களில் கம்பெனியே அந்த வசதியை வைத்திருக்கிறது. வேறொன்றை இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மைக் அனுமதியும் கவனம் கேட்கிறது. கூட்டாளிகளோடு பேசித்தான் பல ஆட்டங்கள் நடக்கின்றன, மறுமுனையில் இருப்பது யார் என்று நமக்குத் தெரியாது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதற்காக 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 27.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில், முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி சிறுவர்களுக்கும் தொடக்கத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் கணக்குத் தொடங்கும்போது பிள்ளை பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டுவிட்டால், அந்தப் பாதுகாப்பு அவனுக்குக் கிடைப்பது கடினம். என்ன ஆண்டு போட்டிருக்கிறான் என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் மைக் இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தோன்றும், ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி. பிள்ளை பேசாமல் விளையாடும்போதும் அது எரிந்தால் மைக் அனுமதியை எடுத்துவிடலாம், ஆட்டம் நின்றுவிடாது.

கடைசியாக ஒன்று, இது வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு. விளையாட்டு தொடங்கியதும் போன் தானாக விளையாட்டு நிலைக்கு மாறிவிடும். அந்த நிலையில் அறிவிப்புகள் மறைக்கப்படலாம். சில போன்களில் வரும் அழைப்பையே துண்டித்துவிடும் ஏற்பாடும் உண்டு. அத்தா துபாயிலிருந்து மூன்று முறை அழைத்தும் மணி அடிக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மேல்பட்டை மறைந்திருப்பதால் தவறிய அழைப்பின் குறியும் கண்ணில் படாது. கேம் பூஸ்டர் அமைப்பைத் திறந்தால் அழைப்புகளைத் தடுக்கும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து அழைத்து, ஆட்டத்தின் நடுவே மணி அடிக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.